பத்தாவது குறை

மனித இனம் இரண்டு கால்களில் எழுந்து நின்ற நாளிலிருந்து இன்றுவரை, தனக்கு வசதியாக இல்லாத ஒன்றைக் குறித்து, அதைக் கொடுத்தவர் முகத்துக்கு நேராக ‘வசதியாக இல்லை’ என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட விஷயங்கள் பதிவாகாமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆதாரம் இருக்கிறது. எனக்குப் பதினேழு வயது. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சலூன். முடி வெட்டி முடித்தவர் என் பின்னந்தலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, ‘சரியா இருக்குதுங்களா?’ என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் சொன்னவர் உலகில் கிடையாது. எலி கடித்த மாதிரி இருந்தாலும் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அடுத்து, கை தானாகச் சட்டையை நீவிவிடும். அடுத்து, தலை வலது பக்கமாக லேசாகச் சாயும். கடைசியாக வாய், ‘பரவாயில்லீங்க’ என்று சொல்லும். இந்த நான்கு கட்டங்களையும் கண்டுபிடித்து வரிசைப்படுத்தியவனும் நானே. அன்று நான், ‘இல்லீங்க, இடது பக்கம் ஏறியிருக்கு’ என்றேன்.

இதை என் அறைத்தோழன் இசக்கிராஜ் நம்பியதில்லை.

“எலேய் நவநீ, நீ இத சலூன்ல வச்சுச் சொன்னியா, வீட்டுக்கு வந்து கண்ணாடிட்டச் சொன்னியா?” என்று கேட்பான்.

சம்பவம் நடந்த இடத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். நான் தலையிடுவதில்லை.

நாங்கள் இருவரும் கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. இசக்கி நாங்குநேரிக்காரன். ஆறடி நான்கு அங்குலம். உலகத்தை யாரோ ஓர் ஐந்தரை அடி ஆளை நிற்கவைத்து அளந்து செய்து முடித்துவிட்டார்கள்; இவன் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவன். அறை வாசலில் தலைகுனிந்துதான் நுழைவான். கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்களுக்குத் தனியாக ஒரு ஸ்டூல். பஸ்ஸில் இவனுடைய முழங்கால் முன் சீட்டுக்காரரின் முதுகில் போய் இடிக்கும். அவர் திரும்புவதற்குள், ‘மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி’ என்று இவன் சொல்லி முடித்திருப்பான். ஒரு நாளைக்கு இருபது மன்னிப்பு. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவன் உயரத்துக்கென்றே செய்த பொருள் உலகத்தில் ஒன்றுதான்: வாலிபால் வலை. வலைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டான். எதிரணிக்காரன் அடிக்கும் பந்தை, ஏதோ பரணிலிருந்து டப்பாவை எடுப்பது போல எட்டித் தட்டிவிடுவான். பிப்ரவரியில் மாநில அணிக்கான தேர்வு. அவன் பெயர் முதல் பட்டியலில் இருந்தது.

அந்த ஜூன் மாதம் எங்கள் கல்லூரிக்குத் ‘தோது’ வந்தது.

தோது என்பது ஒரு பொருளின் பெயர், அதைச் செய்யும் கம்பெனியின் பெயரும் அதுதான். பிசைந்த மாவு மாதிரி, சாம்பல் நிறத்தில் இருக்கும். உட்கார்ந்தால் உடம்பை அளந்துகொண்டு, அதற்கேற்ப உயரும், தாழும், குழியும், புடைக்கும். கட்டில், நாற்காலி, வகுப்பு பெஞ்சு, கல்லூரி பஸ் சீட்டு, பஸ்ஸில் தொங்கும் கைப்பிடி, மெஸ் டம்ளர் வரைக்கும் அதுவே. பழைய மரச்சாமான்களை ஒரே நாளில் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பொருத்த வந்தவர் ஆறுக்குட்டி அண்ணன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனிச் சட்டை, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. ஒவ்வொரு நாற்காலியையும் அந்தத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார், கல்யாண வீட்டில் சம்பந்தியை உட்காரவைப்பது போல.

“ஒக்காருங்க கண்ணு. ஒண்ணும் பண்ண வேண்டாம். அதே உங்கள அளந்துக்கும்.”

இசக்கி முதலில் உட்கார்ந்தான். நாற்காலி மெதுவாக உயர்ந்தது. முதுகுப் பகுதி வளர்ந்து அவன் தோள் வரைக்கும் வந்தது. முழங்காலுக்கு முன்னால் ஒரு ஜாண் இடம் மிச்சம். அவன் அந்த இடத்தைக் கையால் அளந்து பார்த்தான்.

“மக்கா, மொதத் தடவையா ஒரு சேரு என்னைய ஏசல” என்றான். கண் கலங்கியிருந்தது.

எனக்கு விலாவுக்குக் கீழே ஏதோ உறுத்தியது. இதை நான் தெளிவாகவும் உறுதியாகவும் எடுத்துச் சொன்னேன். ஆறுக்குட்டி அண்ணன் அடுத்த அறைக்குப் போன பிறகு, இசக்கியிடம்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. செப்டம்பரில் ஒருநாள் இசக்கி வாசலில் நுழைந்தபோது தலை குனிந்ததாகவே தெரியவில்லை, ஆனாலும் தலை இடிக்கவில்லை. இரண்டு வருடப் பழக்கம், கடைசியில் குனிவது அவனுக்கு இயல்பாகவே வந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் ஓர் அம்மா வந்து அவன் பக்கத்தில் தயங்காமல் உட்கார்ந்தார். வழக்கமாக அந்த சீட்டு கடைசி வரைக்கும் காலியாகவே இருக்கும். அன்று முழுக்க அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

என்னுடைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால்முனை குதிகாலுக்குக் கீழே மிதிபடத் தொடங்கியதும் அப்போதுதான். துணி துவைக்கிறவர் இழுத்துப் பிழிவதால் நீண்டுவிட்டது. இரண்டு தடவை அவரைப் பற்றிக் கடுமையாகப் பேசினேன், எங்கள் அறையில்.

பயம் எனக்கு முதன்முதலாக வந்தது மெஸ்ஸில். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வரிசையாக முந்நூறு பேர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முந்நூறு முதுகும் ஒரே வளைவு. கழுத்து ஒரே இடத்தில் மடிந்திருந்தது. ஒருவன் டம்ளரை எடுத்தான். முழங்கை ஒரு கோணத்தில் நின்றது. அடுத்த வரிசையில் இன்னொருவன் எடுத்தான், அதே கோணம். குட்டையானவன், நெட்டையானவன், குண்டானவன் என்று நான் அறிந்த யாரையும் பின்னாலிருந்து பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. இசக்கியைத் தேடினேன். அவனைத் தேட வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரியும், அங்கே போவேன்.

நவம்பரில் பயிற்சியாளர் அவனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். ஆறடி இரண்டு அங்குலம். மறுபடி அளந்தார். டேப்பை மாற்றி அளந்தார். இசக்கி மூன்று ரவுண்டு ஓடிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்கும்போது விலா ஒரு பக்கம்தான் ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். எங்கள் இருவருக்கும் அது என்னவென்று உடனே தெரிந்தது. அந்த வளைவில்தான் நாங்கள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இசக்கியின் உடம்புக்குள் எலும்பால் செய்த ஒரு நாற்காலி இருந்தது.

“வலிக்கலையாப்பா உனக்கு?” என்றார் டாக்டர்.

“பரவால்ல சார்” என்றான் இசக்கி.

“நுரையீரலை அமுக்குது. இப்போதைக்கு எலும்பு இளசா இருக்கு, திரும்பலாம். இன்னும் ஆறு மாசம் போச்சுன்னா இறுகிடும். அப்புறம் விளையாட்டை விடு, மாடிப்படி ஏறினாலே இரைக்கும்.”

ஒரு மர பெஞ்சு தேடிப்பிடித்து அறைக்குக் கொண்டுவந்தேன். இசக்கியால் அதில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது, தொடை நடுங்கியது. தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவனால் சம்மணம் போட்டு இலை முன்னால் உட்கார முடியாமல், அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டானாம். அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

மறுநாள் அவிநாசி சாலையில் இருந்த தோது அலுவலகத்துக்குப் போனோம். வடிவமைப்புப் பிரிவில் ஜெனோவா என்ற பொறியாளரைப் பார்க்கச் சொன்னார்கள். நாகர்கோவில்காரர், நாற்பது வயது இருக்கலாம். எங்களைப் பார்த்ததும் இசக்கியின் முதுகைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“உக்காருங்கன்னு சொல்ல முடியாது. இங்க சேர் கெடையாது.”

உண்மைதான். அறையில் ஒரு நாற்காலி கூட இல்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் வேலை பார்த்தார்.

“நீங்க உங்க நாற்காலியில உக்கார்றதில்லையா மேடம்?” என்று கேட்டேன்.

“இந்த மாடியில யாரும் உக்கார்றதில்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு சாமானும் ஒரு உடம்பும் ஒண்ணோட ஒண்ணு சேரலன்னு வச்சுக்கிடுங்க. யாராவது ஒருத்தர் மாறணும். மம்பட்டிக் கைப்பிடி கைக்குத் தக்க இருக்கணுமா, இல்ல கை காச்சுப்போகணுமா? இந்தத் தொழில்ல ஆதியில இருந்து கேள்வி இது ஒண்ணுதான். சாமான்தான் மாறணும்னு சொல்லித்தான் தோது செஞ்சோம். நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம்.”

“அப்புறம் எப்படி இவன் மாறினான்?”

அவர் கணினியில் ஒரு படத்தை ஓடவிட்டார். வெள்ளோட்டத்துக்கு வந்த ஓர் அம்மா தோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. உடம்பு எவ்வளவு வலியில் இருக்கிறது என்று நாற்காலியே அளந்து போடும் கோடு. கோடு ஏறிக்கொண்டே போனது. யாரோ டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்து, ‘வசதியா இருக்காம்மா?’ என்று கேட்டார்கள்.

அந்த அம்மா சின்னதாகச் சிரித்தார். சேலையை நீவிவிட்டார். தலையை வலது பக்கம் சாய்த்தார். ‘பரவாயில்லீங்க’ என்றார்.

ஜெனோவா மேடம் அடுத்த படத்தைப் போட்டார். ஒரு பெரியவர். சிவப்புக் கோடு உச்சியில். சிரிப்பு, வேட்டியை நீவிவிடல், சாய்வு, பரவாயில்லீங்க. அடுத்து ஒரு காலேஜ் பையன். அடுத்து ஒரு நர்ஸ். என்னுடைய நான்கு கட்டங்கள், வரிசை மாறாமல்.

“பதினோராயிரம் பேர்” என்றார் அவர். “உடம்பு வலிக்குதுன்னு சொல்லுது. வாய் பரவாயில்லன்னு சொல்லுது. தோது ரெண்டையும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. என்ன முடிவுக்கு வந்திருக்கும்?”

“வாய் பொய் சொல்லுதுன்னு.”

“ஒருத்தர் சொன்னா பொய். பதினோராயிரம் பேரும் சொன்னா அதுக்கு அதுதான் விதி. மனுஷங்களுக்கு வலி ஒரு பொருட்டில்லன்னு எழுதி வச்சுக்கிடுச்சு. அது மாறுறதுக்குக் கரண்ட் வேணும். நீங்க மாறுறதுக்கு ஒண்ணும் வேணாம். ஒரு நாளைக்கு மூணு நாலு தலைமுடி கனம். அவ்வளவுதான் தள்ளும். யாருக்குந் தெரியாது. நாங்க சொல்லிக்குடுக்கல. எல்லாருமாச் சேந்துதான் சொல்லிக்குடுத்தீங்க.”

“எது வரைக்கும் தள்ளும்?”

“எல்லாரும் ஒரே அளவு வார வரைக்கும். அப்புறம் அது மாறவே வேண்டாம்லா? உங்க காலேஜுக்கு மொத்தமா ஒரே நினைவுதான். அங்க உள்ள சராசரி அஞ்சடி ஆறங்குலம். நெட்டையா இருந்தா மடக்கும். குட்டையா இருந்தா இழுக்கும்.” அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பார்வை என் ஜீன்ஸின் கால்முனையில் கொஞ்ச நேரம் நின்றது.

இசக்கி முதன்முறையாக வாய் திறந்தான். “இதுக்கு மருந்து ஒண்ணும் இல்லியா மேடம்?”

“வளைச்சது எதுவோ, அதுதான் நிமித்தணும். அதே மாதிரி, கொஞ்சங்கொஞ்சமா.” ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு நடக்கும், குறை சொல்ல விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், ஆய்வு நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும் என்றார். “பத்துப் பேர் வாயால இல்லன்னு சொல்லணும். ஒன்பது பத்தாது. பத்துக்குக் கீழ இருந்தா அது குறையில்ல, அந்த ஆளுங்களோட சுபாவம்னு எடுத்துக்கிடும். பத்து வந்துட்டா உங்க காலேஜ் முழுக்கப் பழைய அளவுக்குத் திரும்பும்.”

“வரலன்னா?”

“இப்ப ரெண்டு அங்குலம் வரைதான் அதுக்கு அனுமதி. குறை இல்லன்னா அடுத்த ஆறு மாசத்துக்கு நாலு.”

திரும்பும்போது வாசல் வரை வந்தார். “மொதல்ல வர்ற வார்த்தையத்தான் எடுத்துக்கிடும். ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொன்னா கணக்கில்ல. ஞாபகம் வச்சுக்கிடுங்க.”

பஸ் நிறுத்தத்தில் நான் சிரித்துவிட்டேன். “பத்துப் பேர் வாயைத் திறந்து சொல்லணும். இவ்வளவுதானா? நம்ம விடுதியில அறுநூத்தி நாப்பது பேர் இருக்கான்.”

இரண்டு வாரம் அலைந்தேன். மனித இனத்தின் மீது எனக்கு இருந்த மதிப்பு, அதாவது ஏற்கெனவே இருந்த கொஞ்சமும், போய்விட்டது.

“வலிக்குதாடா?” என்று கேட்பேன்.

“வலிக்குதுடா. படுத்தா எந்திரிக்க முடியல.”

“அப்ப பேர் குடு.”

“அட, இதுக்கெல்லாமா? ஆறுக்குட்டி அண்ணன் பாவம்டா. மனுஷன் தொடச்சுத் தொடச்சு உக்கார வைக்கிறாரு.”

இன்னொருவன், ஹெச்.ஓ.டி. என்ன நினைப்பார் என்றான். இன்னொருவன், எல்லாருக்கும் சரியாக இருக்கும்போது தனக்கு மட்டும் சரியில்லை என்று எப்படிச் சொல்வது என்றான். அவனை அவன் பக்கத்து அறைக்காரனோடு உட்காரவைத்தேன். அவனும் அதையே சொன்னான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்தும் பேர் தரவில்லை. நான் மாடிப்படியில் நின்று நான்கு கட்டங்களையும் நடித்துக் காட்டினேன். சிரிப்பு, நீவல், சாய்வு, பரவாயில்லீங்க. விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கும்போது எல்லோரும் விலாவை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டதைப் பார்த்து நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

கடைசியில் எட்டுப் பேர் தேறினார்கள். அதில் மூன்றாவது மாடி முகைதீன் ஐந்தடி ஓர் அங்குலம். அவன் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. “இழுக்குதுடா நவநீ. தூங்கி எந்திரிச்சா கால் என்னுது மாதிரியே இல்ல” என்றான். எட்டு. என்னோடு ஒன்பது. மிச்சம் இசக்கி.

இசக்கி பேர் தரமாட்டேன் என்றான்.

“எலேய், உனக்காகத்தான்டா இவ்வளவும்” என்றேன், அவன் பாஷையிலேயே.

அவன் கட்டிலில் படுத்திருந்தான். பாதம் இப்போது வெளியே நீட்டவில்லை. ஸ்டூல் மூலையில் கிடந்தது.

“நீ அஞ்சடி எட்டு. ஒனக்குத் தெரியாது. பொறந்ததுல இருந்து எல்லாத்தையும் மறைச்சிக்கிட்டு நிக்கேன். பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சு. சினிமாக் கொட்டகையில பின்னாடி இருக்கவன் ஏசுவான். ஆச்சரியம் என்னன்னா, ஏசுறவன் மேல எனக்குக் கோவமே வந்ததில்ல. எம்மேல தப்புன்னுதான் தோணும். இப்பதான் ஒரு பொம்பள எம்பக்கத்துல வந்து உக்காந்து, ‘தம்பி, பழனி வண்டி எத்தன மணிக்கு’ன்னு கேட்டா. சும்மா, எல்லாருட்டயும் கேக்க மாதிரி.” ஒரு மூச்சு இழுத்தான். பாதியில் நின்றது, மறுபடி இழுத்தான். “அந்தச் சேரு ஒண்ணுதாம்ல என்னைய வேண்டாம்னு சொல்லல. அதப் பாத்து நான் எப்படிச் சொல்லுதது?”

எனக்கு அப்போது ஒரு பகடியும் தோன்றவில்லை.

“மூச்சு விட முடியலயேடா உனக்கு” என்றேன்.

“பரவால்லடா.”

“இந்த வார்த்தைதான்டா உன்னைக் கொல்லுது. வலைக்கு முன்னாடி நிக்கிறப்ப நீ யாருக்காவது பரவாயில்லன்னு சொல்லியிருக்கியா?”

அவன் சுவரைப் பார்த்தான். திரும்பாமலே, “நீ சொல்லுவியா?” என்று கேட்டான்.

“யார்ட்டடா கேக்குற? நான் கடைசி ஆளாப் போறேன். எல்லாரும் சொதப்பினாலும் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல.”

அவன் பேர் கொடுத்தான்.

டிசம்பர் மூன்றாவது வாரம், காலை பத்து மணி. கருத்தரங்கக் கூடத்தில் ஆய்வு. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி, அதற்கு மேலே ஒரு எண் பலகை. பூஜ்யம் என்று காட்டியது. நாங்கள் பத்துப் பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றோம். உட்கார யாரும் துணியவில்லை.

முகைதீன் முதலில் போனான். ஒரு நிமிடத்தில் வெளியே வந்தான். உதடு உலர்ந்திருந்தது. பலகை ஒன்று காட்டியது. அடுத்தவன் போனான். இரண்டு. ஒவ்வொருவனும் ஏதோ திருடிவிட்டு வருகிறவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆனால் சொல்லிவிட்டு வந்தான். நான் ஒவ்வொருவன் முதுகிலும் தட்டிக்கொடுத்தேன். ஐந்து. ஆறு. ஏழாவது ஆள் போய்ப் பத்து நிமிடம் வரவில்லை. ஏழு என்று விழுந்தது. எட்டு.

இசக்கி போனான். எம்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. தோள் இரண்டும் குலுங்கின. வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது.

“சொல்லிட்டம்ல” என்றான். “அவரு மொகம் சுண்டிப்போச்சு, மக்கா.”

பலகையைப் பார்த்தேன். ஒன்பது.

வராந்தாவில் முகைதீன் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒருவன், “போடா நவநீ, முடிச்சு வை” என்றான். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை மூன்று நாளாகப் பழகியிருந்தேன். ‘எனக்கு வசதியாக இல்லை.’ மூன்றே வார்த்தை. கதவைத் தள்ளும்போது ஜீன்ஸின் கால்முனையை மிதித்து லேசாகத் தடுமாறினேன்.

உள்ளே ஹெச்.ஓ.டி. இருப்பார், கம்பெனி அதிகாரிகள் இருப்பார்கள், ஒரு சண்டை இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். யாரும் இல்லை. ஜெனோவா மேடம் தூரத்து ஜன்னலோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். நடுவில் ஒரு நாற்காலி. பக்கத்தில் ஆறுக்குட்டி அண்ணன்.

“வாங்க கண்ணு. நீங்கதான் கடைசிங்களா?”

துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். கைப்பிடியைத் துடைத்தார். முதுகுப் பகுதியின் பின்பக்கத்தையும், யாரும் பார்க்காத இடம், குனிந்து துடைத்தார். நான் உட்கார்ந்தேன். நாற்காலி என்னை அறிந்த மாதிரி ஏறி இறங்கி அமைந்தது. பிறகு விலாவுக்குக் கீழே, இடது பக்கம், அதே இடத்தில், ஒரு கட்டைவிரல் அழுத்துவது போல அழுத்தியது. அவசரமே இல்லாத விரல். வலித்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் வலித்தது.

“காலைல இருந்து ஒம்போது பேரும் கொறைதான் சொல்லிட்டுப் போனாங்க கண்ணு” என்றார் அவர் மெதுவாக. “எல்லாம் என்ற கையில பொருத்துனது. எங்கியோ நாஞ் செரியாப் பொருத்தலையாட்டம் இருக்குது. அந்த நெட்டத் தம்பி சொல்றப்ப அழுவுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.”

உங்கள் மீது தப்பில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வார்த்தைதான் கணக்கு. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கதவுக் கண்ணாடியைப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் இசக்கி அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருந்தால், கண்ணாடியில் அவனுடைய மூக்கும் வாயும்தான் தெரிந்திருக்கும். இப்போது முழு முகமும் தெரிந்தது. குனியாமலே. நெற்றி முதல் தாடை வரை, அந்தச் சதுரத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். சொல்லு, என்பது போல.

ஆறுக்குட்டி அண்ணன் துண்டை நான்காக மடித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். என் முகத்தையே பார்த்தார்.

“எப்படிங்க கண்ணு, தோதா இருக்குதுங்களா?”

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. மூன்றே வார்த்தை. விலாவில் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

என் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வருவதை உணர்ந்தேன். கை, மடியில் கிடந்த கை, எழுந்து போய்ச் சட்டையை நீவிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இசக்கியின் தலையாட்டல் நின்றது. என் தலை, மெல்ல, வலது பக்கமாகச் சாய்ந்தது.

“பரவாயில்லீங்க” என்றேன்.